தோத்தவன் பேர் வச்ச ஓப்பனிங்

1918 அக்டோபர், நியூயார்க். வெள்ளைக் காய்கள் காபாபிளாங்காவுக்கு. எதிரே அமெரிக்க சாம்பியன் ஃபிராங்க் மார்ஷல். 1909ல் இதே காபாபிளாங்காகிட்ட எட்டுக்கு ஒண்ணுன்னு செமத்தியா வாங்கினவர் (டிரா மட்டும் 14).

ஆட்டம் ரூய் லோபஸ்ல ஆரம்பிச்சது. எட்டாவது நகர்த்தல்ல மார்ஷல் டி5ன்னு சிப்பாயைத் தள்ளினார். நடுவுல ஒரு சிப்பாய் சும்மா கிடைக்குது. எடுத்தா என்ன ஆகும்? வெள்ளையோட ராணி பக்கத்துக் காய்கள் எல்லாம் இன்னும் தூங்கிட்டிருக்கும். கறுப்புப் படை நேரா ராஜா மேல பாயும்.

பத்து வருஷம் இதை மார்ஷல் ஒளிச்சு வச்சிருந்தார்னு ஒரு கதை உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆதாரம் கிடையாது. இந்த டி5 அதுக்கு முன்னாடியே சில ஆட்டங்கள்ல வந்திருக்கு.

இது வீட்ல தயார் பண்ணிட்டு வந்த பொறின்னு காபாபிளாங்காவுக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனாலும் சவாலை மறுக்க மனசில்லாம சிப்பாயை எடுத்தார். மார்ஷல் குதிரை, மந்திரி, ராணின்னு எல்லாத்தையும் இறக்கினார். வெள்ளை ராஜாவோ எஃப்1, இ2, டி3, சி2ன்னு நடந்தே தப்பிச்சுப் போயிடுச்சு! 36வது நகர்த்தல்ல ஆட்டம் குளோஸ்.

நம்ம பாஷையில சொன்னா, முதல் ரிலீஸே புட்டுக்கிச்சு. வேற யாரா இருந்தாலும் கோடைத் தூக்கிக் குப்பையில போட்டிருப்பாங்க. ஆனா தப்பு டி5ல இல்லை. 11வது நகர்த்தல்ல குதிரையைப் பின்னாடி இழுக்காம, சி6ன்னு சிப்பாயை வச்சு அதுக்கு முட்டுக் கொடுத்தா போதும்னு பிறகு கண்டுபிடிச்சாங்க. ஒரு வரி பேட்ச், அவ்வளவுதான்!

1965 கேண்டிடேட்ஸ் ஃபைனல்ல இதை வச்சுத்தான் ஸ்பாஸ்கி, தால் மாதிரி ஒரு தாக்குதல் மன்னனையே கட்டிப் போட்டார். 1993 உலகப் போட்டியில ஷார்ட்டோட மோதின காஸ்பரோவ், எட்டாவதா ஏ4 ஆடி இந்தப் பக்கமே வராம ஒதுங்கினார். 2004ல் கிராம்னிக் துணிஞ்சு உள்ளே போனார், கணினியில தயார் பண்ணின ஆட்டத்தோட. அந்தக் கணினியை இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டிருந்தா ஓட்டை தெரிஞ்சிருக்கும். விடலை. பலகையிலேயே அதைக் கண்டுபிடிச்ச லேகோ கறுப்புல ஜெயிச்சார். கடைசி ஆட்டத்துல ஜெயிச்சு 7-7ன்னு சமன் பண்ணித்தான் கிராம்னிக் பட்டத்தைக் காப்பாத்த முடிஞ்சது.

அன்னிக்குப் புள்ளி என்னவோ காபாபிளாங்காவுக்குத்தான். 1921ல் அவர் உலக சாம்பியனும் ஆனார். ஆனா நூறு வருஷம் தாண்டியும் அந்த ஓப்பனிங்குக்குப் பேர் என்ன தெரியுமா? மார்ஷல் அட்டாக்.