எருமை முதல் லேப்டாப் வரை: களவு போனதை மீட்ட கதை

இன்னிக்கு லேப்டாப் திருட்டைப் பத்திப் பேசப் போறேன். ஆனா கதை தொடங்குறது 7ஆம் நூற்றாண்டுல, ஒரு எருமை மந்தையில.

கல்வராயன் மலைக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மனோட 34ஆவது ஆட்சியாண்டு. தன் எருமைகளுக்காக உயிரை விட்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். அவன் பக்கத்துல ஒரு நாய். பேரு கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடிச்சு, காவல் காத்து நின்னுச்சுன்னு கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க. அன்னிக்கு மாடுதான் சொத்து. போனா ஆளை அனுப்பி மீட்கணும். மீட்கப் போனவன் திரும்பாமலும் போகலாம். செங்கம் வட்டாரத்துல இப்படிச் செத்தவங்களோட கற்கள் வரிசையா கிடைச்சிருக்கு.

அப்புறம் தெற்கே, மதுரை, திருநெல்வேலிப் பக்கம் காவல் முறை வேரூன்றுச்சு. ஊர் காவல்காரருக்குக் கூலி கொடுக்கும். பொருள் களவு போனா அவர் கண்டுபிடிக்கணும், இல்லேன்னா ஈடு கட்டணும். கிட்டத்தட்ட இன்ஷூரன்ஸ்! இன்னொரு பக்கம் ‘துப்புக்கூலி’. மாடு எங்கே இருக்குன்னு துப்பு சொல்ல ஒரு தொகை. சில நேரம் திருடினவனுக்கும் துப்பு சொல்றவனுக்கும் தூரம் ரொம்ப இருக்காது.

இப்போ கள்ளக்குறிச்சிக்கே வருவோம். 2022 ஜூலை 17. ஒரு மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து நடந்த போராட்டம் வன்முறையா மாறி, கனியாமூர் தனியார் பள்ளி சூறையாடப்பட்டது. மேசை, நாற்காலின்னு கையில கிடைச்சதைத் தூக்கிட்டுப் போனாங்க. அடுத்து அதிகாரிகள் என்ன செஞ்சாங்க தெரியுமா? சுத்துப்பட்டு ஊர்கள்ல தண்டோரா போட்டாங்க, எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கன்னு. ஸ்மார்ட்ஃபோன் காலத்துல, பழைய பறையறிவிப்பு! அடுத்த மாசமே தண்டோரா வேண்டாம்னு தமிழக அரசு கலெக்டர்களுக்குச் சொல்லிடுச்சு.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது வேற. அந்தத் தீயில மாணவர்களோட சான்றிதழ்களும் எரிஞ்சுபோச்சு. நாற்காலியைத் திருப்பிக் கேட்கலாம். சாம்பலை எப்படிக் கேட்கிறது? ஆனா மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வழி இருந்துச்சு. ஏன்? அதோட பதிவு வேற அலுவலகத்துல இருந்துச்சு. பொருளை மீட்கிறது ஒண்ணு, பொருளுக்குள்ள இருக்கிறதை மீட்கிறது இன்னொண்ணு. ரெண்டாவது வேலையைத் திருட்டுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும்.

2011 செப்டம்பர் 15 அன்னிக்கு ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினாங்க. எத்தனையோ வீடுகள்ல அதுதான் முதல் கம்ப்யூட்டர். மூடியில அரசு முத்திரை. மாட்டுக்குப் போடுற சூடு மாதிரி ஒரு அடையாளம். வெள்ளிமலையிலிருந்து சென்னை ஹாஸ்டலுக்கு வர்ற ஒரு பிள்ளைக்கு லேப்டாப் போச்சுன்னா, போறது மெஷின் மட்டுமில்ல. ப்ராஜெக்ட், ஸ்கேன் பண்ணின சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அதுக்குள்ளதான்.

அதனால இன்னிக்கே சில வேலை. சூடு போடுங்க: சீரியல் நம்பரை ஃபோட்டோ எடுத்து, பில்லோட சேர்த்து மெயில்ல போட்டு வைங்க. கோவிவனைக் கட்டுங்க: நூலகத்துல கேபிள் பூட்டு, பஸ்ல பையை மேலே வைக்காம மடியில வைங்க. பெட்டியைப் பூட்டுங்க: விண்டோஸ்ல பிட்லாக்கர், மேக்ல ஃபைல்வால்ட். ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ வசதியை முன்கூட்டியே ஆன் பண்ணி வைங்க. தொலைஞ்சப்புறம் ஆன் பண்ண முடியாது. முக்கியமா, ஒரு நகல் வேற இடத்துல இருக்கட்டும்.

அப்படியும் போயிடுச்சா? முதல்ல வேற கருவியிலிருந்து மெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளை மாத்துங்க. அப்புறம் ஸ்டேஷன். ஓடுற பஸ்ல எந்த எல்லையில போச்சுன்னு தெரியலையா? எந்தக் காவல் நிலையத்திலும் ‘ஜீரோ எஃப்ஐஆர்’ கேட்கலாம். சிஎஸ்ஆர் ரசீதோட திரும்பிடாதீங்க. இன்ஷூரன்ஸ்காரங்க பொதுவா எஃப்ஐஆர்தான் கேட்பாங்க. மொபைலை முடக்குற ‘சஞ்சார் சாத்தி’ ஐஎம்இஐ நம்பரை வச்சு வேலை செய்யுது. சாதாரண லேப்டாப்புக்கு அந்த நம்பரே கிடையாது. அதனாலதான் சீரியல் நம்பர். போலீஸ் மீட்டாலும், கோர்ட்டுல அது உங்களுதுன்னு காட்ட அதுவும் பில்லும் வேணும்.

மேப்புல புள்ளி தெரியுதுன்னு தனியா கிளம்பிடாதீங்க. தகவலைப் போலீஸ்கிட்ட கொடுங்க. கருந்தேவக்கத்திக்கு வேற வழி இல்லை, நமக்கு இருக்கு. லேப்டாப்புக்காக யாரும் நடுகல் ஆக வேண்டாம்.

இந்த எபிசோட் முடிஞ்சதும் அந்த சீரியல் நம்பரை ஃபோட்டோ எடுத்துடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!