சுமையோடு நடந்த இருவர்



சென்ற மாதம் ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், சிநேகிதிகளோடு தஸ்மேனியாவின் தென்மேற்கு மலைக்காட்டுக்குள் ஒரு வாரம் நடக்கப் போகிறாளாம். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் முதுகில். "மூட்டை தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளாலை நடந்தது எங்களோடை முடிஞ்சுது எண்டு நினைச்சன் அண்ணை. இவள் காசு குடுத்துப் போய் நடக்கிறாள்" என்றார். சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அவருக்காகவே இம்மாதப் பேச்சு.

அந்தக் காட்டின் அழகை அவுஸ்திரேலிய மக்களுக்கு அறியத் தந்தவர்களில் முக்கியமான இருவர், எங்களைப் போலவே அகதிகளாக வந்தவர்கள்.

முதலாமவர் ஒலேகஸ் ட்ருக்கானஸ். 1923இல் லிதுவேனியாவில் பிறந்தவர். சோவியத் படை நாட்டைப் பிடித்தபோது ஜேர்மனிக்குத் தப்பி, அங்கே அகதி முகாமில் இருந்துவிட்டு, 1948இல் தஸ்மேனியா வந்தார். ஒப்பந்தப்படி முதல் இரண்டு வருடம் துத்தநாகத் தொழிற்சாலையில் உடல் உழைப்பு. பிறகு நீர்மின் ஆணைக்குழுவில் எழுதுவினைஞர் வேலை. கிழமை நாட்களில் காரியாலயம். விடுமுறை கிடைத்தால் முதுகுப்பையும் கமராவுமாக மலை.

அந்த மலைகளின் உயரத்தைக் கேட்டால் நீங்கள் பெரிதாக எண்ணமாட்டீர்கள். ஃபெடரேஷன் சிகரம் 1,225 மீற்றர்தான். ஆனால் அதன் உச்சியை முதன்முதலில் மனிதர் அடைந்ததாகப் பதிவாகியிருப்பது 1949இல். காரணம் உயரமல்ல, வழி. ஓயாத மழை, முழங்கால் வரை சேறு, பின்னிப் பிணைந்த புதர்க்காடு. 1958இல் ட்ருக்கானஸ், தானே வடிவமைத்த கயாக்கில் பெடர் ஏரியிலிருந்து கோர்டன் ஆற்றின் வழியே மேற்குக் கரை வரை தனியாகவே போய்ச் சேர்ந்தார்.

1967 பெப்ரவரி 7ஆம் திகதி ஹோபாட்டைச் சூழ்ந்த காட்டுத்தீயில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ட்ருக்கானஸின் வீடும், இருபது வருடப் படங்களும் சாம்பலாயின. எரிந்த அல்பத்தின் கதை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அவர் மறுபடி முதுகுப்பையைத் தூக்கினார். அதே இடங்களுக்குப் போய், எரிந்துபோன படங்களைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இளஞ்சிவப்புச் சாயல் மணற்கரை கொண்ட பெடர் ஏரி, 1955இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1967இல் நீர்மின் திட்டத்துக்காக அந்தப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. ஏரியை மூழ்கடிக்கப்போவது அவருக்குச் சம்பளம் கொடுத்த அதே ஆணைக்குழு. ஊழியர் என்பதால் வெளிப்படையாக எதிர்த்துப் பேச முடியாது. என்ன செய்தார்? இசையோடு படங்களைத் திரையிட்டார். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மூத்தவர்கள் சொன்ன புத்தி: "வந்த இடத்திலை வாயை மூடிக்கொண்டு இரு." கணக்குப் புத்தகத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். சோறு போடும் நாட்டைக் குறை சொல்லலாமா என்ற கேள்வி எங்கள் தலைமுறையை விட்டுப் போகவில்லை. ட்ருக்கானஸ் நாட்டைக் குறை சொல்லவில்லை. இதைப் பாருங்கள், இதுவும் உங்களுடையது என்றார். அதுவும் நன்றிக்கடன்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது.

ஆயினும் 1972இல் ஏரி மூழ்கியது. அதே வருடம் ஜனவரியில், கோர்டன் ஆற்றைப் படமெடுக்கப் போன ட்ருக்கானஸை ஆறு கொண்டுபோனது. வயது 48. உடலைத் தேடிக் கண்டெடுத்தவர் அவருடைய சீடர் பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ். அவர்தான் நம் கதையின் இரண்டாமவர்.

டொம்ப்ரோவ்ஸ்கிஸ் 1945இல் ஜேர்மனியில் லத்வியப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை போரில் காணாமற்போனார். 1950இல் தாயோடு ஹோபாட் வந்து சேர்ந்தார். பாரமான பெரிய கமராவைச் சுமந்துபோய், பிராங்ளின் ஆற்றில் பனிமூட்டம் சூழ்ந்த ஒரு வளைவைப் படமெடுத்தார். அந்த ஆற்றிலும் அணை கட்டத் திட்டமிட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மறியல் செய்து கைதாகினர். 1983 மார்ச் தேர்தலுக்கு முன் அந்தப் படம் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது. அரசு மாறியது. 1983 ஜூலை 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அணைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதியரசரின் வித்தியாசத்தில் பிராங்ளின் இன்றும் ஓடுகிறது. டொம்ப்ரோவ்ஸ்கிஸ் 1996இல் வெஸ்டர்ன் ஆர்தர் மலைத்தொடரில், படமெடுக்கப் போன இடத்தில், இதயம் நின்று இறந்தார்.

ஒன்றை மறக்கக்கூடாது. யாருமில்லாத வனம் என்று அதைச் சொல்வது தவறு. பிராங்ளின் கரையிலுள்ள குட்டிகினா குகையில் ஏறத்தாழ 20,000 வருடங்களுக்கு முன்பே ஆதிக்குடிகள் வாழ்ந்த தடயங்கள் உண்டு. வீட்டுக்காரர் முன்பே இருந்த வீடு அது.

அம்மா, உங்கள் மகள் போகட்டும். மழைச்சட்டை நல்லதாக வாங்கிக் கொடுங்கள். திரும்பும் நாளை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எங்கள் முதுகில் இருந்தது விட்டுவந்த வீட்டின் மிச்சம். அவள் முதுகில் இருப்பது ஒரு வாரச் சாப்பாடும், திரும்பி வருவதற்கு ஒரு வீடும். வந்ததும் படங்களோடு நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். அடுத்த பேச்சை அவளே பேசட்டும்.