பாத்திர ஒலியும் ஏற்றுமதி வரியும்

உணவு விலை ஏறினால் நகரத்தார் உழவரை நோவதும், விளைச்சலுக்கு விலை குறைந்தால் உழவர் நகரத்தாரை நோவதும் உலகெங்கும் காணும் வழக்கு. இவ்விரு சாராரும் ஒரே தெருவில் நின்ற நிகழ்ச்சியொன்றைக் கூற விரும்புகிறேன். நாடு தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டீனா, ஆண்டு 2008.

பம்பாஸ் சமவெளியில் விளையும் சோயாவும் கோதுமையும் மக்காச்சோளமும் அந்நாட்டின் பெருஞ்செல்வம். அவை கப்பலேறும்போது அரசு வரி கொள்ளும். மார்ச் 11 அன்று பொருளாதார அமைச்சகம் 125ஆம் எண் ஆணையை வெளியிட்டது. அதுவரை சோயாவுக்கு நூற்றுக்கு 35 என நிலைத்திருந்த வரி, இனி உலகச் சந்தை விலை ஏற ஏறத் தானும் ஏறும் என்றது அவ்வாணை. அன்றைய விலைக்கு அது ஏறத்தாழ நூற்றுக்கு 44. உள்நாட்டில் உணவு விலை அடங்கவும், பெருத்த ஆதாயம் பலருக்கும் பயன்படவுமே இவ்வரி என்றது அரசு. அவ்வாதம் எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும் பெருநிலக்கிழார் சங்கமும் சிறு உழவர் கூட்டமைப்பும் எதிர்ப்பில் ஒன்றாயின. நெடுஞ்சாலைகள் மறிக்கப்பட்டன; தலைநகர்க் கடைகளில் இறைச்சி அரிதாயிற்று.

அந்நிலையில் நகரம் உழவர்மீது சினந்திருக்க வேண்டுமன்றோ? மார்ச் 25 அன்று குடியரசுத் தலைவர் கிறிஸ்டினா பெர்னாண்டஸ் மறியலைக் கடிந்து பேசினார். அன்றிரவே புவெனஸ் ஐரிஸ் மக்கள் பலர் சட்டிகளையும் பாத்திரங்களையும் தட்டிக்கொண்டு மே சதுக்கம் நோக்கி நடந்தனர். 2001 டிசம்பரில் பொருளாதாரம் குலைந்தபோது அந்நகரம் எழுப்பிய அதே ஒலி! ஏர் பிடித்தறியாதோர் ஏன் வந்தனர்? விலைவாசி ஏற்றமும், தம்மைக் கேளாமலே ஆளுகின்றனர் என்னும் மனக்குறையும் அவர்களை அழைத்து வந்தன எனக் கருதுகிறேன். எனினும் நகரம் முழுதும் ஒரே மனத்ததாய் இருந்ததெனக் கொள்ளலாகாது. ஜூலை 15 அன்று பலேர்மோ பகுதியில் உழவர் பக்கம் ஒரு பெருங்கூட்டம் கூடிற்று. நாடாளுமன்றத்தின் முன் அரசின் பக்கம் மற்றொன்று கூடிற்று.

அமைச்சக ஆணையாகப் பிறந்த வரியை அரசு ஜூன் மாதத்தில் நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. கீழவை 129க்கு 122 என ஏற்றது. மேலவையிலோ, ஜூலை 17 விடியுமுன், வாக்குகள் 36க்கு 36 எனச் சமமாயின. அவைத்தலைவராகிய துணைக் குடியரசுத் தலைவர் ஹூலியோ கோபோஸ், தம் அரசுக்கே எதிராகத் தீர்ப்பு வாக்கை அளித்தார். மறுநாள் ஆணை நீக்கப்பட்டது.

ஏற்றுமதி வரி நன்றா தீதா என்பதைப் பொருளியல் அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். வரலாறு பயிலும் நீங்கள் மற்றொன்றையும் நோக்குங்கள்: வரி எவ்வளவு என்பதுடன், யாரைக் கேட்டு விதிக்கப்பட்டது என்பதும் மக்களின் வினாவாகும். வயலும் வீதியும் அன்று கூடியது அவ்வினாவினால்தான்.