தேய்ந்த முழங்காலில் நாற்று நட்ட கதை

மதுரை சிம்மக்கல் பழக்கடைகளில் ஆயுசு முழுக்க லோடு இறக்கியவர்கள் பலருக்குக் கால் வில்லாக வளைந்திருக்கும். பிசியோதெரபிஸ்டாக நான் வேலை பார்த்த காலமெல்லாம் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "சார், தேஞ்ச ஜவ்வு மறுபடி வளராதா?"

அவர்கள் ஜவ்வு என்பது மூட்டுக் குருத்தெலும்பை. 1743-இல் லண்டனில் மருத்துவர் வில்லியம் ஹண்டர் இதற்குப் பதில் எழுதிவிட்டார்: கெட்ட குருத்தெலும்பு மீளாது. அதில் ரத்தக்குழாயே கிடையாது. காயம் எப்படி ஆறும்?

ரத்தத்தை வரவழைத்தால் என்ன என்று 1959-இல் பிரிஸ்டல் நகரத்து அறுவை மருத்துவர் கென்னத் பிரிடி எலும்பில் துளை போடும் முறையை வெளியிட்டார். 1980களில் அமெரிக்காவின் ஸ்டெட்மன் அதையே நுண்துளைகளாக்கினார். முளைத்தது நார் மிகுந்த வடு. பழைய வழவழப்பும் இல்லை, உழைப்பும் இல்லை.

1987-இல் ஸ்வீடனில் பீட்டர்சன், பிரிட்பெர்க் குழுவினர் நோயாளியின் குருத்தெலும்புச் செல்லையே ஆய்வகத்தில் பெருக்கி, தேய்ந்த குழியில் விட்டு, மேலே மூடித் தைத்தார்கள். 1994-இல் 23 பேரின் முடிவை வெளியிட்டார்கள். தொடையெலும்பு முனையில் வைத்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முழங்கால் சில்லில் வைத்த 7 பேரில் இரண்டே பேருக்கு. வைத்தியம் ஒன்றுதான், இடம்தான் வேறு. அத்தனை பேரும் 14 முதல் 48 வயதுக்குள்.

வரப்பு நின்றால்தான் நாற்று நிற்கும். சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு உள்ள சின்னக் குழியில் செல் பிடிக்கும். மூட்டு முழுக்கத் தேய்ந்து, மேலும் கீழும் எலும்பு உரசினால் பிடிக்காது. கால் வளைந்திருந்தால் பாரமெல்லாம் உள்பக்கமே விழும். அதனால் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவையும் கூடவே தேவைப்படலாம். உடல் எடை, கிழிந்த பிறைச்சவ்வு, தளர்ந்த தசைநார் ஆகியவையும் கணக்கில் சேரும்.

இன்னொன்று, ஓய்வு. அறுவைக்குப் பிறகு பல வாரம் ஊன்றுகோல், பல மாதம் பயிற்சி. தினக்கூலிக்கு மூட்டை சுமக்கிறவருக்கு அந்த ஓய்வை யார் கொடுப்பது? எந்த அறுவையின் பலனையும் பாதி தீர்மானிப்பது இதுதான் என்பது என் அனுபவம்.

இந்தியாவிலும் 2017-இல் இந்தக் குருத்தெலும்புச் செல் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மருத்துவரிடம் போனால் விலையைக் கேட்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: தேய்மானம் ஒரு குழியா, மூட்டு முழுவதுமா? கால் நேராக இருக்கிறதா? எத்தனை மாதம் பாரம் தூக்கக்கூடாது? தேய்மானம் மூட்டு முழுவதும் என்றால் மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேசுங்கள். செல்லுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.