வாதவூரரும் பெருந்துறை வழியும்



வயலில் விதைப்பவன் விளைவை எண்ணியே விதைக்கின்றான். ஆயினும் இடையில் நேர்வன யாவும் அவன் எண்ணியவாறே நேர்வதில்லை. வந்தது எதுவாயினும் இறைவன் நம்மைக் கைவிடான் என்னும் உறுதி எங்கிருந்து பிறக்கின்றது? அறம்வளர்த்த நாயகியோடு நாமபுரீசுவரர் எழுந்தருளியிருக்கும் இவ்வாலங்குடியில் இவ்வினாவை எழுப்புவது மிகப் பொருத்தமானது. குருதலம் எனப் பெயர்பெற்ற, கும்பகோணத்தை அடுத்த ஆலங்குடி வேறு. நமது ஊர் வேறு. ஆனால், குருவருளின் மாட்சியை உலகுக்குக் காட்டிய பெருந்தலம் ஒன்று நமக்கு அணித்தாகவே உள்ளது. அதுவே ஆவுடையார்கோயில் எனப்படும் திருப்பெருந்துறை. முன்னர் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அப்பகுதி, 1974 சனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோது நம்மோடு இணைந்தது.

மதுரையை அடுத்த திருவாதவூரில் தோன்றியவர் மாணிக்கவாசகர். பாண்டியனிடம் அமைச்சராகித் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் பெற்றார். அவர் வாழ்ந்த காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நரியைக் குதிரையாக்கிய செய்தி அப்பர் தேவாரத்தில் வருவதால் அவருக்கு முற்பட்டவர் என்பாரும், திருக்கோவையாரில் வரகுணன் பெயர் வருவதால் ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பாரும் உளர். காலம் எதுவாயினும், அவர் மேற்கொண்ட பணி வரலாற்றுக்கு இயைந்ததே. தமிழ்நாட்டில் நல்ல குதிரைகள் பிறப்பது அரிது. அவை கடல் வழியே வந்து இறங்கின. பட்டினப்பாலை இதனைக் குறிக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவும், பாண்டியர் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்துக் குதிரைகள் வாங்கியதை எழுதிவைத்துள்ளார். அரசன் அளித்த பொருளோடு அமைச்சர் கீழைக்கடற்கரை நோக்கிப் புறப்பட்டதன் காரணம் இதுவே.

வழியில் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருநாதனைக் கண்டார். குதிரைக்கென வந்த பொருள் திருப்பணிக்கும் அடியார்க்கும் ஆயிற்று. அவரை ஆட்கொண்ட குருநாதனோ, ஏனைய அடியாரோடு மறைந்து, அவரை மட்டும் இவ்வுலகில் நிறுத்திச் சென்றான். அரசன் ஓலை விடுத்தான். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று மறுமொழி கூறுமாறு இறைவன் பணித்தான். அவரும் அவ்வாறே கூறினார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இவ்வரலாற்றை ஐம்பத்தெட்டு முதல் அறுபத்தொன்று வரையிலான திருவிளையாடல்களில் விரிக்கின்றது.

சொன்னபடியே குதிரைகள் வந்தன, அரசன் மகிழ்ந்தான். கதை இங்கே முடிந்திருப்பின், நம்பினார் நலம் பெற்றார் என்று எளிதில் கூறிவிடலாம். ஆனால் அன்றிரவே அக்குதிரைகள் நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. அமைச்சர் மீண்டும் ஒறுக்கப்பட்டார். வையை ஆற்றின் சுடுமணலில் நிறுத்தப்பட்டார். முதல் துன்பம் நம்பிக்கைக்கு முன்னே வந்தது. இரண்டாம் துன்பமோ நம்பிக்கையின் பயன் கைக்கு எட்டிய பின்னே வந்தது. இந்த இரண்டாம் அடியிலேதான் பலர் தளர்கின்றனர். வாதவூரர் தளரவில்லை, தம் பெருமானையே அழைத்தார்.

வையை பெருக்கெடுத்தது. கரையை அடைக்க ஊரார்க்குப் பங்கு அளந்து விட்டனர். ஆளற்ற முதியவளாகிய வந்திக்கு, பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்கும் ஆளாய் இறைவன் வந்தான். அரசன் பிரம்பால் அடித்த அடி அனைத்துயிர் மேலும் பட்டது. இங்கு ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். மணலில் நின்ற அடியவரை நோக்கி இறைவன் நேரே வந்து நிற்கவில்லை. எவரும் பொருட்படுத்தாத ஒரு கிழவியின் பங்கை அடைக்கச் சென்றான். ஒருவர் வேண்டிய விடுதலையும் மற்றொருவர் நாடிய துணையும் ஒரே கூடை மண்ணில் நிறைவேறின. அருள் நாம் நோக்கும் திசையிலிருந்தே வருதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

அமைச்சுப் பதவியை மீண்டும் ஏற்க வாதவூரர் விரும்பவில்லை. பெருந்துறைக்குத் திரும்பினார், பின்னர்த் தில்லை சேர்ந்தார். குருவைப் பிரிந்த ஏக்கம் திருவாசகம் முழுவதும் கேட்கின்றது. அழுதலும் நம்பிக்கைக்கு மாறானதன்று என்பதற்கு எட்டாம் திருமுறையே சான்று.

2018 நவம்பர் 16 அன்று வீசிய கசாப் புயலை இவ்வட்டாரத்தார் எவரும் மறந்திலர். ஆண்டுக்கணக்கில் பிள்ளைபோல் வளர்த்த தென்னையும் பலாவும் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. கோயிலை வலம் வந்து வளர்த்த தோப்பு ஏன் வீழ்ந்தது என்று கேட்டவர் பலர். அவ்வினாவுக்கு எளிய விடை கூறுவது நமக்குத் தகாது. புயல் வினைப்பயன் என்று துன்புற்றவரிடம் சொல்வது, சுடுமணலில் நின்றாரைக் குற்றம் கூறுவதற்கு ஒப்பாகும். நாம் சொல்லத்தக்கது இதுவே: இறைவன் மண் சுமந்தவன். அடுத்த வீட்டாரின் உடைந்த கரைக்கு நாமும் ஒரு கூடை மண் சுமப்போமாயின், அவன் செய்த பணியில் நமக்கும் பங்கு உண்டு.

இன்றும் ஆவுடையார்கோயில் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையார் மட்டுமே உண்டு. புழுங்கலரிசி அன்னத்தின் ஆவியே ஆத்மநாதர்க்கு நிவேதனமாகின்றது. கண்ணுக்குப் புலப்படாதவனை உளன் என்று துணிந்து வழிபடும் முறையை அத்தலம் நாள்தோறும் கற்பிக்கின்றது. ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ அங்குச் செல்லும் அன்பர்கள், குதிரை வாங்கப் புறப்பட்ட ஒருவர் குருவைக் கண்ட வழி நம் மண்ணில் உள்ளது என்பதை நினைவிற் கொள்வாராக. நாம் புறப்பட்ட காரியம் வேறாகலாம். நம்மை எதிர்கொள்பவன் அவனே.

திருச்சிற்றம்பலம்.