சிரிப்பில் மறையும் தடயம்: கோஸி மர்மப் புதினங்களைப் பரிந்துரைக்க ஓர் அளவுகோல்

ஆங்கில வாசகர்கள் 'கோஸி' என்று வகைப்படுத்தும் மர்மப் புதினங்களை ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கும்போது, அவற்றில் இல்லாதவற்றைச் சொல்வதே வழக்கமாக இருக்கிறது. ரத்தம் தெறிக்காது, படுக்கையறைக் காட்சி வராது, இரவில் படித்து முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பார்கள். இவ்வகைக் கதைகளுக்காகவே அமெரிக்காவில் கூடும் மாலிஸ் டொமஸ்டிக் மாநாடு 1989 முதல் அகதா விருதுகளை வழங்கிவருகிறது. வெளிப்படையான பாலுறவும் மிகையான வன்முறையும் கூடாது என்று அதன் வரையறையும் விலக்குகளைக் கொண்டே அமைந்திருக்கிறது. விலக்குகள் வேலியைக் காட்டும். வேலிக்குள் எந்த நூலை எடுத்துப் படிப்பது என்பதற்கு அவை உதவா. இவ்வகையின் சிறந்த புதினங்களில் நகைச்சுவை ஒரு பூச்சாக இருப்பதில்லை, துப்பறிதலின் உறுப்பாகவே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வாசகர் சிரித்தபடி கடந்துபோகும் வரியில்தான் ஆசிரியர் உண்மையை வைத்திருக்கிறார். அப்படி வைத்திருக்கிறாரா என்று பார்த்தே ஒரு நூலைப் பரிந்துரைக்க வேண்டும்.

இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் துப்பறியும் கதை ஒரு நேர்மையான ஆட்டமாக மாறியது. 1929-இல் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் அதற்குப் பத்து விதிகள் வகுத்தார். 1930-இல் டிடெக்‌ஷன் கிளப் என்ற துப்பறியும் கதை எழுத்தாளர் சங்கம் உருவானது. துப்பறிபவருக்குத் தெரிந்த தடயமெல்லாம் வாசகருக்கும் தெரிய வேண்டும் என்பது அந்தக் காலத்தின் அடிப்படை ஒப்பந்தம். ஆனால் எல்லாவற்றையும் காட்டிவிட்டால் மர்மம் ஏது? காட்டவும் வேண்டும், கண்ணில் படாமலும் இருக்க வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. சுருட்டுச் சாம்பலைப் பற்றிய அவரது தனியறிவு வாசகருக்குக் கிடையாது. ஊர்ப் பேச்சும் சமையலறையும் தேநீர் மேசையும் மட்டுமே களமாக உள்ள கதையில் தடயத்தை எங்கே ஒளிப்பது? மதிப்பில்லாததென்று வாசகர் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கும் பேச்சில்தான். அரட்டை, வம்பு, வீட்டுச் செலவுக் கணக்கு, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய குறை ஆகியவற்றை நாம் ரசிப்போம்; சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

அகதா கிறிஸ்டி 1950-இல் வெளியிட்ட 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' இதற்குத் தெளிவான சான்று. சிப்பிங் கிளெகார்ன் என்ற கற்பனைக் கிராமத்தில் பத்திரிகை போடும் பையன் சைக்கிளில் வீடு வீடாகப் போவதில் கதை தொடங்குகிறது. எந்த வீட்டுக்கு எந்த நாளிதழ் என்ற பட்டியலிலேயே மனிதர்கள் அறிமுகமாகிவிடுகிறார்கள். திருமதி ஸ்வெட்டன்ஹாம் வீட்டுக்கு 'டைம்ஸ்' நாளிதழும் வரும், கம்யூனிஸ்ட் ஏடான 'டெய்லி வொர்க்கர்' இதழும் வரும். தாய்க்கும் மகனுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு விவரத்தில் தெரிந்துவிடுகிறது. அன்றைய உள்ளூர் இதழில், மாலை 6.30 மணிக்கு லிட்டில் பேடக்ஸ் வீட்டில் ஒரு கொலை நடக்கும் என்று விளம்பரம் வந்திருக்கிறது. ஊரார் அதைப் பார்த்து வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், தற்செயலாக எட்டிப் பார்த்ததுபோல் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். வந்தவர்களுக்குப் பேச வேறொன்றும் இல்லை. ஒருவருக்கு மேற்பட்டவர்கள், வீட்டில் சென்ட்ரல் ஹீட்டிங் போட்டாகிவிட்டதே என்று வியக்கிறார்கள். அசட்டுப் பேச்சு திரும்பத் திரும்ப வருவதால் சிரிப்பு வருகிறது. எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய இங்கிலாந்தில், அக்டோபரிலேயே அதை ஏன் மூட்ட வேண்டும் என்று அப்போது கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. விளக்கு அணைந்ததும் அந்த அறை அவ்வளவு இருட்டாக ஏன் இருந்தது, கணப்பில் நெருப்பு இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று பின்னால் யோசிக்கும்போதுதான் அந்த உபசாரப் பேச்சின் எடை புரிகிறது. இதற்கு மேல் சொன்னால் நூலைக் கெடுத்ததாகும். அந்தச் சிரிப்பை நீக்கினால் தடயமும் அம்பலமாகிவிடும் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

பேச்சுக்கு உள்ள இந்த மதிப்பின்மை பேசுபவர்கள் மீதும் படிகிறது. 1927-இல் சிறுகதையிலும் 1930-இல் 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' நாவலிலும் அறிமுகமான மிஸ் மார்ப்பிளை அவரது ஊரே வம்புக்காரக் கிழவியாகத்தான் பார்க்கிறது. காது கொடுக்கப்படாதவரே அதிகம் கேட்கிறார் என்ற இந்த அமைப்பை, ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' 2020-இல் ஒரு முதியோர் குடியிருப்புக்குக் கொண்டுவந்தது. கென்ட் பகுதியில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட கூப்பர்ஸ் சேஸில் எலிசபெத், ஜாய்ஸ், இப்ராஹிம், ரான் ஆகிய நால்வரும் பழைய கொலை வழக்குகளைப் பேசக் கூடுகிறார்கள். யாரும் உள்ளே வந்து தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக, ஜப்பானிய ஆப்ரா பற்றிய கலந்துரையாடல் என்ற பெயரில் அந்த அறை பதிவுசெய்யப்பட்டிருக்கிறது. வாய்விட்டுச் சிரிக்கவைக்கும் விவரம்தான். முதியவர்கள் அறையைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று எவரும் கேட்கப்போவதில்லை என்ற கசப்பான சமூக உண்மையும் அதற்குள்ளேயே இருக்கிறது; அந்தக் கவனமின்மைதான் அவர்களுக்குத் துப்பறியும் சுதந்திரத்தைத் தருகிறது. மறதி நோயில் மெல்ல மெல்ல விலகிப்போகும் எலிசபெத்தின் கணவர் ஸ்டீஃபனும் இதே நூலில் வருகிறார். இலகுவான நூல் என்று இதைப் பரிந்துரைப்பவர்கள் அவரையும் குறிப்பிட வேண்டும்.

எதிர்வாதங்களில் வலுவானது குற்றப் புதின எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லருடையது. 1944-இல் எழுதிய 'தி சிம்பிள் ஆர்ட் ஆஃப் மர்டர்' கட்டுரையில் ஏ. ஏ. மில்னின் 'தி ரெட் ஹவுஸ் மிஸ்டரி' நாவலை எடுத்துக்கொண்டு, காவல் துறையும் பிரேத விசாரணையும் உண்மையில் இப்படியா நடக்கும் என்று அதை அக்கக்காகப் பிரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டில் விமர்சகர் எட்மண்ட் வில்சன், கிறிஸ்டியின் நாவலில் கொலையுண்ட ரோஜர் ஆக்ராய்டைக் கொன்றது யாராயிருந்தால் யாருக்கென்ன என்ற பொருளில் தலைப்பிட்டே எழுதினார். நடைமுறைப் பிழை குறித்து சாண்ட்லர் சொன்னதை மறுக்க இடமில்லை. ஆனால் காவல் நிலைய நடைமுறையில் இருக்கிற உண்மையே உண்மையென்று ஏன் கொள்ள வேண்டும்? மேலே கண்ட 1950-ஆம் ஆண்டு நாவலில் ரேஷன் அட்டை இருக்கிறது, அண்டை வீட்டார் சட்டத்துக்குப் புறம்பாக உணவுப்பொருள்களைப் பரிமாறிக்கொள்வது இருக்கிறது, போர் முடிந்து எங்கிருந்தோ குடிவந்தவர்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு கிராமத்தில் யார் எந்தக் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை என்ற கவலை அந்தக் கதையின் முதுகெலும்பு. உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்த ஒரு நாட்டின் அன்றாடத்தை இவ்வளவு நெருக்கமாகப் பதிவுசெய்த நூலை யதார்த்தமற்றது என்று தள்ளிவிட முடியாது. இக்கதைகள் கறைபடாத ஏதேன் தோட்டத்துக்குத் திரும்பும் கற்பனை என்று கவிஞர் ஆடன் 1948-இல் முன்வைத்த விளக்கமும் எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது. கொலையாளி பிடிபட்ட பிறகும் சிப்பிங் கிளெகார்னில் யாரும் அடுத்த வீட்டுக்காரரைப் பழைய நம்பிக்கையோடு பார்க்க முடியாது.

இன்னோர் எதிர்வாதத்தை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அதே நாவலில் சமையல் வேலை செய்யும் மிட்ஸி, ஐரோப்பாவில் குடும்பத்தைப் பறிகொடுத்து வந்த அகதி. போலீஸ் என்றாலே நடுங்கும் அவளை, பொய்க்காரி என்றும் மிகைப்படுத்துபவள் என்றும் பிற பாத்திரங்களும் கதைசொல்லலும் கேலி செய்கின்றன. முடிவுக்கு அருகில் அவளுக்குத் துணிச்சலான ஒரு பங்கு தரப்படுவது இந்தக் கேலியை ஓரளவு ஈடுகட்டலாம், முழுக்க நியாயப்படுத்தாது. சென்ட்ரல் ஹீட்டிங்கைப் பற்றிய சிரிப்பு வாசகரின் கவனக்குறைவைத் திருப்பிக் காட்டுகிறது. மிட்ஸியைப் பற்றிய சிரிப்பில் பெரும்பகுதி அவளைச் சிறுமைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறது. இந்த அளவுகோல் கிறிஸ்டிக்கும் சலுகை தருவதில்லை.

அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தின் 'தி நம்பர் 1 லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி' புதிர் நாவல் இல்லையென்று ஒதுக்குபவர்கள் உண்டு. 1998-இல் வந்த அந்த நூலில், சுரங்கத் தொழிலாளியான தந்தை விட்டுச்சென்ற மாடுகளை விற்று, போட்ஸ்வானாவின் கபரோன் நகரில் துப்பறியும் நிறுவனம் தொடங்குகிறார் மா ரமோட்ஸ்வே. நெடுங்காலம் காணாமல்போன அப்பா நான்தான் என்று ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ரமோட்ஸ்வே செவிலியர் சீருடையில் போய், மகள் விபத்தில் சிக்கிவிட்டாள், அப்பாவின் ரத்தம் வேண்டும், கொடுப்பவர் உயிருக்கு உத்தரவாதமில்லை என்கிறார். அவன் உண்மையைக் கக்கிவிடுகிறான். மரியாதை ராமன் கதைகளில் வளர்ந்த வாசகருக்கு இந்த உத்தி அந்நியமாக இராது. வேடிக்கையே இங்கு விசாரணை முறையாகிறது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உடலைத் தேய்த்த தந்தையின் வாழ்க்கை ஒரு முழுப் பகுதியாக நூலுக்குள் இருப்பதால், வெள்ளையர் ஒருவர் வரைந்த இனிப்பான ஆப்பிரிக்கா என்ற குற்றச்சாட்டும் இந்த முதல் நூலைப் பொறுத்தவரை முழுதாக ஒட்டுவதில்லை. இதற்கு மாறாக, தேவனின் 'துப்பறியும் சாம்பு' கதைகளில் அசட்டுத்தனமும் அதிர்ஷ்டமுமே வழக்கைத் தீர்க்கின்றன. வாசகர் ஊகிக்கத் தடயம் கிடையாது. அவை அருமையான நகைச்சுவைக் கதைகள், ஆனால் வேறு வகையைச் சேர்ந்தவை. பூனை, பேக்கரி, சமையல் குறிப்பு என்று அட்டையிலேயே இதம் காட்டும் தொடர்களுக்கும் இதே கேள்வியைப் போட வேண்டும்: அந்தப் பூனையையும் குறிப்பையும் எடுத்துவிட்டால் வழக்கு அப்படியே நிற்குமானால், அவை அலங்காரம் மட்டுமே.

புதிதாக இவ்வகைக்கு வரும் வாசகருக்கு முதலில் கொடுக்க வேண்டியது 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' என்பதே என் தீர்ப்பு. அடுத்து ஆஸ்மன், பிறகு மெக்கால் ஸ்மித். கொடுக்கும்போது, இதில் பயமில்லை, ரத்தமில்லை என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். விருந்தாளிகள் பேசிக்கொள்ளும் பகுதியை வேகமாகப் புரட்டிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.