திருவல்லிக்கேணியின் இரு வீடுகள்

பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டைத் தாங்கி நிற்கிறது திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில். 1676-இல் கோல்கொண்டா ஆட்சியிடமிருந்து ஆங்கிலேயர் இவ்வூரைப் பெற்றனர். 1795-இல் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. 1997-இல் பறக்கும் இரயில் வந்தது. இடையில் மாடவீதிகளைச் சூழ்ந்து மேன்ஷன்கள் முளைத்தன. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வேலை தேடிச் சென்ற இளைஞர் பலருக்குப் பட்டணத்தின் முதல் முகவரி அந்த ஒற்றை அறைகளே. பாசுரமும் பாங்கொலியும் அடுத்தடுத்துக் கேட்க, பழைய ஓட்டு வீட்டுக்குத் தோள் கொடுத்து அடுக்குமாடி நிற்கும் பேட்டை அது.

எனினும் பழமையும் புதுமையும் அங்கே எப்போதும் இணங்கி வாழ்ந்தன என்று சொல்வதற்கில்லை. பாரதியார் இறுதி நாள்களைக் கழித்து, 1921 செப்டம்பரில் மறைந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு அரசுடைமையாகி, 1993-இல் நினைவில்லம் ஆயிற்று. நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தது உ.வே.சாமிநாதையரின் இல்லம். 1903-இல் மாநிலக் கல்லூரிப் பணிக்காகச் சென்னை சேர்ந்த ஐயர், திருவேட்டீசுவரன்பேட்டையில் குடியமர்ந்தார். குடந்தைக் கல்லூரியில் தமக்கு வேலை கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாரின் நினைவாக அவ்வீட்டிற்குத் ‘தியாகராஜ விலாசம்’ எனப் பெயரிட்டார். செய்ந்நன்றியை வாசலிலேயே எழுதி வைத்த வீடு! ஏட்டுச் சுவடிகள் பல அங்கேதான் அச்சுக்குச் சித்தமாயின. தாகூரும் அங்கு வந்து ஐயரைக் கண்டார்.

அதனையும் நினைவில்லமாக்குமாறு தமிழன்பர்கள் வேண்டினர். 2012-இல் அவ்வீடு இடிக்கப்பட்டது. சுவடிகள் முன்பே இடம் பெயர்ந்து, 1943-இல் தோன்றிய நூலகத்தைச் சேர்ந்துவிட்டதால் பிழைத்தன.